இரகு எழுதிய சாளரம்

துலை 9, திங்கள். திருவில்லிப்புத்தூர்

விடியலிலிருந்து அடைமழை. மாடியில் உலர்த்திய வேட்டி மறுபடி நனைந்தது. பால்காரர், "அய்யா, ஐப்பசி மழையில துணிய வெளிய போடுற ஒரே ஆளு நீங்கதான்" என்றார். ஐப்பசி அன்று, துலை என்று திருத்தினேன். "எதுவா இருந்தாலும் நனையும்ல" என்றார்.

செய்ய வேண்டியவை: தொண்டைக்குச் சித்தரத்தை. மூக்குக்கண்ணாடியின் கால் ஒட்ட. ஞாயிறு இராசபாளையம், நூற்பாலைத் தொழிலாளர் மன்ற ஆண்டு விழா. தலைப்பு 'உழைப்பும் உயர்வும்'. உறங்கிக்கொண்டே பேசலாம்.

நண்பகல் எழிலி அழைத்தாள். மகள் பகலில் அழைப்பது அரிது. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இரகு எழுதிய பகுதியை நீக்கப்போகிறார்களாம்.

"யார் நீக்குவது?"

"கெர்னலப் பாத்துக்கிறவங்கப்பா. பழைய பிராசஸர்ல பெரிய மெமரி போடுறதுக்கு இருக்குற சப்போர்ட்ட எடுத்துரலாம்னு பேச்சு. இன்னும் யாராச்சும் உபயோகிக்கிறாங்களா, இருந்தா சொல்லுங்கன்னு மெயில் வந்திருக்கு."

"நீ என்ன விடை எழுதப்போகிறாய்?"

"பாப்போம்ப்பா."

கெர்னல் என்பதற்குக் கருநிரல் என்று நானே ஒரு சொல் ஆக்கி வைத்திருக்கிறேன். கணினிக்குள் முதலில் விழித்துக் கடைசியில் உறங்குவது. உலகெங்கும் பலர் கூடி எழுதிப் பேணுவது. அதில் ஒரு மூலை என் மருமகன் இரகுவினது. அவர் மறைந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. சென்ற ஆண்டு கடகத்தில் (பால்காரர் கணக்கில் ஆடி), நெஞ்சடைப்பு. நாற்பது நிறையவில்லை.

அவர் விட்டுச் சென்றவை மூன்று: பெற்ற தாய், என் மகள், அந்த நிரல். மூன்றாவதை அழிக்கக் கடல் கடந்து எவரோ முடிவெடுக்கிறார்.

சினம். சித்தரத்தை வாங்க மறந்தேன்.

துலை 10, செவ்வாய்

இராசபாளையம், எழிலி வீட்டுக்குச் சென்றேன். பேருந்தில் முன்னிருக்கைப் பெண்கள் இருவர், மருத்துவக் கட்டுத்துணி ஆலையில் வேலை போலும். "வெளுத்த துணி இன்னும் காயலட்டி. மொதலாளி வானத்தப் பாத்துத் திட்டுதாரு." "வானத்துக்கு நோட்டீசு அனுப்பச் சொல்லு." நெடுநாள் கழித்துச் சிரித்தேன், தனியாக.

இரகுவின் மேசை அப்படியே இருக்கிறது. மூன்று மின்சுற்றுப் பலகைகள், உறை இல்லாமல், கம்பிகள் தொங்க. அவை சூடேறாமலிருக்க ஒரு சிறு விசிறி, ஓயாமல். கருநிரலின் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் எழிலி இவற்றில் ஓட்டிப் பார்த்து, ஓடுகிறது என்று எழுதி அனுப்புகிறாள். தன் அலுவலக வேலை முடிந்த பின் இது. விடுமுறை நாளும் இதற்கே.

விளக்கிச் சொல் என்றேன். சொன்னாள்:

"இது முப்பத்திரண்டு பிட் பிராசஸர்ப்பா. அதால எண்ண முடிஞ்ச முகவரியே அம்புட்டுதான். அதுலயும் கெர்னலுக்கு நேரா கை எட்டுறது ஒரு பகுதிதான். மிச்ச மெமரி போர்டுல இருக்கும், ஆனா எட்டாது. அதனால ஒரு சின்ன ஜன்னல் வச்சு, எந்தப் பக்கம் வேணுமோ அத மட்டும் ஜன்னலுக்கு நேரா கொண்டாந்து, பாத்துட்டு, பொறவு திருப்பி அனுப்பணும். இந்தச் சிப்புக்கு அந்த ஜன்னல அவர்தான் எழுதுனார்."

"நன்றாக ஓடுகிறதல்லவா? பிறகு ஏன் நீக்க வேண்டும்?"

"ஓடுது. ஆனா மெமரி பக்கம் யாரு எத மாத்தினாலும், இங்க ஒரு ஜன்னல் இருக்கேன்னு சுத்திப் போகணும். புதுச் சிப்புல இந்த வம்பே இல்ல, எல்லாம் நேரா எட்டும். நாலு பேருக்காக ஊரே சுத்திப் போகுது. அதான் கேக்காங்க."

அந்த நாலு பேரில் எழிலி அறிந்த ஒருவர் இவ்வூர் நூற்பாலையார், ஞாயிறு நான் பேசவிருக்கும் அதே ஆலை. அங்கே நூற்புப் பொறிகளில் நூல் சுற்றும் ஒவ்வொரு கதிரின் இழையையும் கண்காணிக்கும் பெட்டிகள், பத்தாண்டுக்கு முன் இரகு அமைத்தவை. இழை எங்கே மெலிந்தது, எங்கே அறுந்தது என்று எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும். நினைவகம் மிகப் பெரிது. நுண்செயலி மிகப் பழையது. நடுவே இரகுவின் சாளரம்.

மாந்தர் நெஞ்சும் இப்படித்தானே, எட்டாத நினைவை எல்லாம் ஒரு சாளரத்தின் வழியாகத்தானே, என்று தொடங்கினேன்.

"அத மேடைக்கு வச்சுக்கோங்கப்பா" என்றாள்.

இரகுவின் தாயார் சரோசா அம்மையார் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் தெலுங்கு, என்னிடம் தமிழ். "உங்க அப்பாவுக்குச் சாம்பார் ஊத்தினாலும் அதுல ஒரு உவமை மிதக்கும்" என்றார். பிறகு, கரண்டியைக் கையில் வைத்தபடியே, "அத எடுத்துட்டா அவன் பேரு?"

"அதப் பாத்துக்கிறவர்னு லிஸ்டுல அவர் பேரு இருக்கு அத்தை. அதும் போயிரும்."

அம்மையார் அடுக்களைக்குள் போனார். குழாய் நீர் விழும் ஓசை நெடுநேரம் கேட்டது. கழுவ அத்தனை ஏனங்கள் இல்லை.

எழிலி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அப்பா, ஆலையில வேற, பொங்கல் லீவுக்குள்ள..." நான் கையமர்த்தினேன். நீ கவலாதே, எதிர்ப்புரை நான் எழுதித் தருகிறேன் என்றேன். தலையாட்டினாள்.

துலை 11, அறிவன் (ஊரார்க்குப் புதன்)

மழை விட்டு விட்டு. கண்ணாடிக் கால் ஒட்டியாயிற்று, சற்றே கோணல்.

எதிர்ப்புரை, முதல் வரைவு:

ஒன்று. பழமை குற்றமன்று.
இரண்டு. எண்ணிக்கை சிறிது என்பதால் ஒருவரின் உரிமை சிறிதாகாது.
மூன்று. எழுதியவன் எழுந்து வந்து மறுக்க இயலாத நிலையில் அவன் எழுத்தை அழிப்பது அறமாகாது.
நான்கு. (கண்ணீர் வர வேண்டிய இடம். இன்னும் அமையவில்லை.)

முற்பகல் முழுதும் இதிலேயே. நான்கு பக்கம். எழிலி ஆங்கிலத்தில் ஆக்கிக்கொள்ளட்டும்.

கைபேசியில் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லாருக்குப்பா. ஆனா அங்க எல்லாரும் மூணு வரிதான் எழுதுவாங்க. கைதட்ட ஆளு கிடையாது."

"மூன்று வரியில் அறத்தை எப்படிச் சொல்வது?"

"யாரு உபயோகிக்கிறா, எதுக்கு, யாரு பாத்துக்குவா. அம்புட்டுதான் கேக்காங்க."

துலை 12, வியாழன்

தொண்டை கட்டியிருக்கிறது. இஞ்சிச் சாறு. கடைத்தெருவில் பால்கோவாக் கடைக்காரர், "அய்யா, ஞாயித்துக்கிழமை ராஜபாளையத்துல முழக்கமாமே? எங்க ஊருல பேசுனா காது கேக்காதா உங்களுக்கு?" என்றார். கேட்பவர் காது கேட்டால் போதும் என்றேன். கோவா தந்தார், எழிலிக்கு.

எழிலி சொன்ன செய்தி ஒன்று, இடையில் செருகியதுபோல்: கோவையில் ஒரு நிறுவனம் வேலைக்கு அழைக்கிறது. அத்தையையும் அழைத்துச் செல்லலாம், வீடு தருகிறார்கள். துலை முடியுமுன் சொல்ல வேண்டும்.

"அந்தப் பலகைகளை என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

இணைப்பு அறுந்தது என்று நினைத்தேன். அறவில்லை. மூச்சு கேட்டது.

துலை 15, ஞாயிறு. இரவு

பேசினேன். பல ஆண்டாக இப்படிப் பேசியதில்லை.

ஆலையின் உணவுக்கூடம் நிரம்பி வெளியேயும் குடை பிடித்து நின்றார்கள். மேடையில் ஆலை உரிமையாளர், மன்றத் தலைவர், நான். முன்வரிசையில் சரோசா அம்மையார். எழிலி வரவில்லை, வேலை என்றாள்.

'உழைப்பும் உயர்வும்' ஐந்தாறு தொடரோடு நின்றது. பிறகு தானாகவே திரும்பிற்று. உங்கள் கதிர்களில் ஓடும் இழை ஒவ்வொன்றையும் மறவாமல் வைத்திருக்கிறதே ஒரு பெட்டி, அதற்கு நினைவு தந்தவன் யார்? இந்த ஊர்ப் பிள்ளை. அவன் இன்று இல்லை. அவன் தந்த நினைவு இருக்கிறது. பழையது என்று அதைப் பிடுங்கி எறியச் சொல்கிறது உலகம். எறிவீர்களா? இன்று பெட்டியைப் பழையது என்பவர்கள் நாளை உங்களைப் பழையவர்கள் என்பார்கள். பெட்டி வேறு, நீங்கள் வேறு அல்லர்!

கூடம் அதிர்ந்தது. பெண்கள் பக்கம் விம்மல். அம்மையார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

உரிமையாளர் எழுந்தார். ஒலிவாங்கியை என் கையிலிருந்தே வாங்கினார். "நம்ம பையன் கை வச்ச பெட்டி ஒண்ணக்கூட நான் கழட்ட மாட்டேன். என் தலை இருக்குற வரைக்கும் கழட்ட மாட்டேன். இது சத்தியம்."

கையொலி அடங்க நெடுநேரமாயிற்று. பொன்னாடை. ஒரு முதியவர் என் கையைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எழிலிக்குச் செய்தி அனுப்பினேன்: வென்றோம். இனி நீ எழுதலாம், பயன்படுத்துவோர் உளர் என்று.

விடை இன்னும் இல்லை. உறங்கியிருப்பாள்.

துலை 16, திங்கள்

என்ன செய்துவிட்டேன்.

காலையில் இ.பாளையம். அம்மையார் கதவு திறந்தார், முகமெல்லாம் ஒளி. "நேத்து தூங்கவே இல்ல அண்ணய்யா. எம் பிள்ள பேரச் சொல்லி அம்புட்டு சனம் கை தட்டுச்சே."

எழிலி இரகுவின் மேசை முன் இருந்தாள். தலை நிமிரவில்லை.

"உக்காருங்கப்பா. இன்னைக்கு நான் பேசுறேன்."

பேசினாள். அரையாண்டாக அவள் ஆலைக்கு நடந்திருக்கிறாள். பழைய பெட்டிகளை இறக்கிப் புதியவை வைக்க உரிமையாளரை இசைய வைத்திருக்கிறாள். புதுப் பெட்டிகளுக்குச் சொல்லியும் ஆயிற்று. பொங்கல் விடுமுறையில் மாற்றுவதாகத் திட்டம். அதன்பின் இரகுவின் சாளரத்தைப் பயன்படுத்துவோர் அவள் அறிய ஒருவரும் இல்லை. அப்போது அவளே எழுதுவாள், யாரும் இல்லை, நீக்கலாம் என்று. கடல் கடந்து வந்த மடல் சற்று முந்திக்கொண்டது, அவ்வளவே.

"எதிர்த்து எழுதவா நான் இருந்தேன்? அடுத்தவங்க வந்து வெட்டுறதுக்கு முன்னால, ஓடுறதையெல்லாம் பத்திரமா இறக்கி வச்சிட்டு, நானே மூடணும்னு இருந்தேன்ப்பா. காலைல ஆலையில இருந்து போன். புதுப் பெட்டி வேண்டாம்னு நிறுத்திட்டாங்களாம். இப்ப நான் என்ன எழுத? ஒருத்தர் இருக்கார்னு எழுதணும். அப்ப யாரு பாத்துக்குவான்னு கேப்பாங்க. யாரு? நான்தான். எத்தனை வருசம்? அவரு தலை இருக்குற வரைக்கும்."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே."

"சொல்ல வந்தேன். நீங்க ஜன்னல் உவமைல இருந்தீங்க."

பிறகு திரையைத் திருப்பிக் காட்டினாள். நிரலுக்கு இடையே இரகு தன் கைக்குறிப்புகளை ஆங்காங்கே விட்டிருக்கிறார், ஆங்கிலத்தில். எல்லாரும் அப்படி எழுதுவது வழக்கமாம். இங்கே பார்த்துத் தொடவும். இது ஏன் ஓடுகிறதென்று எனக்கே தெரியாது. ஓரிடத்தில்: இது அழகாக இல்லை, திங்கட்கிழமை சரிசெய்கிறேன்.

"அந்தத் திங்கக்கிழமைக்கு அவர் இல்ல. எனக்குச் சரிசெய்யத் தெரியும்ப்பா. ரெண்டு வரி வேலை. கை போகல. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் பேசுறார். நான் ஓட்டிப் பாத்துட்டு ஓடுதுன்னு எழுதிட்டு மூடிருவேன். இதுலயே இருந்தா நான் இதுலயேதான் இருப்பேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் தேற்றியிருப்பேன். அதற்கான சொற்கள் என்னிடம் உள்ளன.

சொல் எய்தவன் நான். தைத்த இடம் என் மகள். (இதுவும் மேடைத் தொடர். அடித்துவிட வேண்டும்.)

துலை 17, செவ்வாய்

ஆலை உரிமையாளர் வீடு. தனியாகச் சென்றேன். முற்றத்தில் அவருடைய வெள்ளை நாய் என்னைப் பார்த்துக் குரைக்காமல் நகர்ந்தது. என் மேடைப்பேச்சைக் கேட்டிருக்கும் போலும்.

மோர் தந்தார்கள். வந்த நோக்கத்தைச் சொன்னேன். மேடையில் தந்த சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். என் மகளோடு பேசி வைத்தபடியே செய்யுங்கள்.

நீண்ட நேரம் நெற்றியைத் தேய்த்தார். நல்லவர். என்னைவிட இளையவர்.

"அய்யா, உங்க பொண்ணு பேச்சக் கேட்டுப் புதுசு சொன்னவன் நான். ஞாயித்துக்கிழமை நீங்க பேசப் பேச எனக்கே கண்ணு கலங்கிருச்சு. சரி, உங்க வீட்டுல மனசு மாறிட்டீங்க போலன்னு நினைச்சு எந்திரிச்சேன்."

"மாறவில்லை. நான் அவளைக் கேட்கவில்லை."

"ஆனா நீங்க வெறும் பெட்டியப் பத்தி மட்டும் பேசிருந்தா இப்பவே கழட்டிருவேன். பெட்டியும் ஆளும் ஒண்ணுன்னுட்டீங்க. இப்பப் போய் நான் கழட்டினா? அடுத்து நம்மள்னுதான் ஆளுக நினைப்பாக. ஷிப்டுல வந்து பாருங்க, நேத்துல இருந்து பெட்டிக்கெல்லாம் பொட்டு வச்சு மாலை போட்டிருக்காக. கதிருக்கு நடுவுல பூ உதுந்து, சூப்பர்வைசர் தலையில அடிச்சுக்கிறான்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"வேறு வழி?"

"மேடையில நீங்க கேட்டீங்க, மேடையில நான் குடுத்தேன். வீட்டுக்குள்ள திருப்பி வாங்க முடியாதய்யா. அதே ஆளுக முன்னாடி நீங்களே வேண்டாம்னு சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கேன். நாளைக்குச் சாயந்தரம் ஷிப்டு மாறும்போது."

மேடையேறிய நாள் முதல் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெற்றதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன், மேடைகளில்.

ஒப்புக்கொண்டேன்.

துலை 18, அறிவன்

தூறல். ஆலை வாயில், மிதிவண்டி நிறுத்தும் கொட்டகை. மேடை இல்லை, ஒலிவாங்கி இல்லை. வெளியேறுவோரும் உள்ளே போவோரும் என இரு பக்கமும் கூட்டம். தலைமயிரில் பஞ்சு.

எழுதி வைத்த தாள் பையில் இருந்தது. எடுக்கவில்லை.

ஞாயிறன்று நான் பேசியது தவறு என்றேன். அந்தப் பெட்டிகளைக் கழற்றட்டும் என்றேன்.

சலசலப்பு. நடுவயதுக்காரர் ஒருவர், சோற்றுத் தூக்குடன், "அய்யா, ஞாயித்துக்கிழமை பெட்டி வேற நாங்க வேற இல்லன்னீங்க. இன்னைக்குப் பெட்டியக் கழட்டுங்கீங்க. அப்ப நாங்க?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "மொதலாளி மோரு குடுத்துருப்பாரு!" சிரிப்பு. மோர் குடித்தது உண்மை.

"பெட்டி வேறு, நீங்கள் வேறு" என்றேன். "அன்று நான் சொன்னது அழகுக்காக. உண்மைக்காக அன்று. அந்தப் பெட்டிக்குள் ஓடும் நிரலை என் மகள் ஒருத்திதான் காத்து வருகிறாள். அது இருக்கும்வரை அவள் எங்கும் போக இயலாது. கணவன் கையெழுத்தை ஒவ்வொரு நாளும் திறந்து பார்த்து, மூடிக்கொண்டு, அங்கேயே இருக்கிறாள். நான் அவளைக் கேட்காமல் பேசிவிட்டேன். அவளை விட்டுவிடுங்கள்."

குரல் எழும்பவில்லை. பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது. முன்னால் நின்றவர்கள் திரும்பி அவர்களுக்குச் சொன்னார்கள், ஒருவர் ஒருவராக. "புள்ளைக்காகக் கேக்காருப்பா." "எந்தப் புள்ள?" "நம்ம ரகு சாரு சம்சாரம்."

ஒரு பெண்மணி: "இத அன்னைக்கே இப்படிச் சொல்லிருக்கலாம்ல. செத்த நேரத்துல முடிஞ்சிருக்கும்."

தூக்குக்காரர் விடவில்லை. "மொதலாளி சொல்லட்டும். பெட்டி மாறுதுன்னு ஆள எடுக்க மாட்டேன்னு." உரிமையாளர் சொன்னார், எடுக்க மாட்டேன் என்று. இம்முறை சத்தியம் இல்லை, கையொலியும் இல்லை. மழை வலுத்தது. கலைந்தார்கள்.

வீட்டுக்குச் செய்தி எனக்கு முன் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பெண் அந்த ஆலையில்தான்.

சரோசா அம்மையார் வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"மேடையில நின்னு எம் பிள்ளைக்கு உசிரு குடுத்தீங்க. கேட்டுல நின்னு எடுத்துட்டீங்க. ஒருக்கா போனது போதாதா அண்ணய்யா? ரெண்டாம் தடவை அனுப்பணுமா?"

நூற்றுக்கணக்கான நினைவேந்தல்களில் இரங்கலுரை ஆற்றியவன். வாசற்படியில் நனைந்துகொண்டு நின்றேன்.

எழிலி வந்து அவர் தோளைத் தொட்டாள். "உள்ள வாங்க அத்தை. அப்பா இல்ல, நான்தான் கேட்டேன்."

அம்மையார் அவளைப் பார்த்த பார்வை. கதவு சாத்தவில்லை. ஆனால் நான் உள்ளே போகவில்லை. அடுத்த பேருந்து.

துலை 19, வியாழன்

மழை. காய்ச்சல் போல. சமைக்கவில்லை.

இராசபாளையத்திலிருந்து யாரும் அழைக்கவில்லை.

விருதுநகரிலிருந்து ஒரு கூட்டத்துக்குக் கேட்டார்கள். இயலாது என்றேன். உடல்நலமா அய்யா என்றார்கள். ஆம், உடல்நலம்.

துலை 20, வெள்ளி

எழிலி அழைத்தாள். நேற்று முழுதும் அத்தையோடு பேசினாளாம், விட்டு விட்டு. என்ன பேசினாய் என்று கேட்டேன். இம்முறை கேட்டேன். குறுக்கிடவும் இல்லை.

"அத்தை, அவர் எழுதினதுல நான் இதுவரைக்கும் ஒரு எழுத்தக்கூட மாத்தல. மாத்தாம வச்சிருந்தா இது கெட்டுப்போகும். சுத்தி எல்லாம் மாறிக்கிட்டே இருக்கும், இது மட்டும் அப்படியே நிக்கும், ஒரு நாள் உடையும். உடைஞ்சா திட்டு அவர் பேருக்குத்தான் விழும். நல்லா ஓடும்போதே, மரியாதையா எடுத்துரலாம்ன்னேன்."

"என்ன சொன்னார்?"

"ராத்திரி சாப்பிட்டாங்க. காலைல, கோயம்புத்தூர்ல தண்ணி நல்லாருக்குமான்னு கேட்டாங்க."

நாளை அனுப்பப்போகிறாளாம். யாரும் இல்லை என்ற விடை. அதனோடு, நீக்குவதற்கான திருத்தத்தையும் அவளே. பொங்கல் வரை பழைய பெட்டிகள் இப்போதுள்ள பதிப்பிலேயே ஓடும், ஆலைக்கு இடர் இல்லை.

"வாங்கப்பா. அத்தை உங்களையும் வரச் சொன்னாங்க."

துலை 21, காரி (சனி). இராசபாளையம்

வானம் வெளுத்திருந்தது. மேற்கே மலை தெரிந்தது.

அம்மையார் எனக்கு இலை போட்டார். மோர் வேண்டுமா என்பதைக் கண்ணால் கேட்டார். வேண்டாம் என்றேன்.

உணவு முடிந்து மூவரும் இரகுவின் மேசையருகில். எழிலி நாற்காலியில். அம்மையாருக்கு முக்காலி. நான் நின்றேன். திரையில் அவள் நீக்கப்போகும் வரிகள், ஒவ்வொன்றும் முன்னே ஒரு கழித்தற்குறியோடு, சிவப்பில். பக்கம் பக்கமாக ஓடிற்று. ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இதுதான் அத்தை. அவர் பேரு."

அம்மையாருக்கு ஆங்கிலம் படிக்க வராது. "எங்க தொடங்குது?" என்று கேட்டார். எழிலி காட்டினாள். அம்மையார் அந்த இடத்தில் விரல் வைத்தார், திரை சற்று மங்கித் தெளிந்தது. "இம்புட்டுத்தானா" என்றார். விரலை எடுத்துக்கொண்டார்.

எழிலி அனுப்பினாள். ஓசை எதுவும் இல்லை. இத்தனைக்கும் பின் ஓர் ஓசையாவது இருக்கும் என்று எண்ணியிருந்தேன்.

அம்மையார் குளம்பி போட எழுந்தார். நான் தினத்தாளைப் புரட்டினேன், படிக்கவில்லை. குளம்பி வந்தது, ஆறியது. வெளியே பழைய இரும்புக்காரன் கூவிப் போனான்.

விடை வந்துவிட்டது. எழிலி படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"என்னம்மா, ஏத்துக்கலையா?" அம்மையார்.

"ஏத்துக்கிட்டாங்க அத்தை. நன்றி சொல்லிருக்காங்க. ஆனா அதப் பாத்துக்கிறவர்னு அவர் பேருதான் இருக்கு, அதனால அவரும் சரின்னு ஒரு வார்த்தை சொல்லணுமாம். முறை அது." அடுத்த வரிக்கு வந்தாள். "ரொம்ப நாளா அவர்ட்ட இருந்து மெயிலே காணோமே, நல்லாருக்காரான்னு கேக்காங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த ஓராண்டும் அவளே ஓட்டிப் பார்த்து, அவளே விடையெழுதி வந்தவள், அந்த ஒரு செய்தியை மட்டும் அவர்களுக்கு எழுதவே இல்லை. அங்கே, கடல் கடந்து, அந்தப் பட்டியலில், இரகு இன்னும் இருந்தார்.

எழிலி என்னைப் பார்த்தாள். சொல் கேட்கும் பார்வை. நான் வாய் திறந்தேன். மறைந்தார், இயற்கை எய்தினார், மீளாத் துயில், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் தர இயலவில்லை.

விசைப்பலகையின்மேல் அவள் கைகள் இருந்தன. அசையவில்லை.

அம்மையார் முக்காலியை இழுத்து அவளை ஒட்டிப் போட்டார். உட்கார்ந்தார். அவள் முதுகில் கை வைத்தார்.

"பதில் போடும்மா" என்றார். "நல்லாருக்கானான்னு கேட்டவங்களக் காக்க வைக்கக் கூடாது."

எழுதத் தொடங்கினாள்.